பொதுமக்கள் பெஞ்சு

ரொட்டியம்மா என்பது நீதிமன்றத்தில் விழுந்த பெயர். வேறு எங்கும் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. ரொட்டிக் கம்பெனியில் நின்றுகொண்டு ரொட்டியம்மா என்று குரல் கொடுத்தால் அங்கே பையில் ரொட்டி அடைக்கிற அத்தனை பெண்களும் அல்லவா திரும்பிப் பார்ப்பார்கள்?

அவளுக்கு இரவு வேலை. வெட்டும் இயந்திரத்தைத் தாண்டி ரொட்டி வரிசையாக வரும். அதைப் பையில் தள்ளி, வாயை முறுக்கி, கிளிப் போட்டு, தட்டில் அடுக்க வேண்டும். அங்கே இருக்கிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் தும்மினால்கூடக் கேட்காது. சூப்பர்வைசர் நடுநடுவே வந்து எதையாவது சொல்வார். ஒரு சொல்லும் காதில் விழாது. எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். அவரும் சொன்னது நடந்துவிட்ட திருப்தியோடு போய்விடுவார். பல வருஷங்களாக அந்தக் கம்பெனி அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பேச்சு என்பது அவளுக்கு வீட்டில்தான். அங்கேயும் பேசுகிறவர் அவள் கணவர். பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிற வேலை அவருக்கு. விடியற்காலையில் அவள் வேலை முடித்து வந்து சாப்பிட உட்காரும்போது, அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே முந்தின நாள் கதையை ஆரம்பிப்பார். யார் யாரோடு சண்டை போட்டார்கள், எந்த டிரைவர் எந்தச் சுவரில் மோதினார், மேலதிகாரி மீசையை எடுத்த பிறகு எப்படி இருக்கிறார் என்று வாய் ஓயாது. அவள் பாதி கேட்டு, பாதி தூங்கி, தட்டில் கையை வைத்தபடி சிரிப்பாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பியதும் படுத்துவிடுவாள். அந்தப் பேச்சின் மிச்சம் காதில் இருக்கும்போதே தூக்கம் வந்துவிடும்.

ஒரு நாள் அவள் வந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போயிருந்தார். கஷ்டப்படாமல் போனார், கொடுத்து வைத்தவர் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவளும் தலையை ஆட்டினாள்.

குழந்தைகள் இல்லை. கணவரின் தங்கை, அவள் நாத்தனார், இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அவளுடைய புருஷன் ஒரு பணக்கார வீட்டில் கார் ஓட்டினான். வாரத்தில் ஒரு நாள், ரொட்டிக் கம்பெனி விடுமுறையன்று, நாத்தனார் பாத்திரத்தில் எதையாவது எடுத்துக்கொண்டு வருவாள். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். அண்ணன் சின்ன வயதில் செய்த குறும்புகளை நாத்தனார் சொல்வாள். குரல் கொஞ்சம் அவர் குரல் மாதிரியே இருக்கும். அந்த ஒரு நாளுக்காக மற்ற நாட்களை அவள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மற்ற நாட்களில் பகல்தான் பிரச்சனை. படுத்தால் தூக்கம் வராது. குழாய் சொட்டுகிறது, பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள், எல்லாம் கேட்கும். எழுந்து துடைத்த இடத்தையே மறுபடி துடைப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் சம்மன் வந்தது. கம்பெனி வாசலில் ஒரு லாரி ஒரு சைக்கிள்காரரை இடித்துத் தள்ளியதை அவள் பார்த்திருந்தாள். போலீஸ் கேட்டபோது பார்த்ததைச் சொல்லியிருந்தாள். அதை நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டுமாம்.

வேலை முடிந்து நேராகப் போனாள். நீண்ட அறை. மேலே மெதுவாகச் சுற்றுகிற விசிறிகள். முன்னால் உயரமான மேடையில் நீதிபதி. அவருக்குக் கீழே கட்டுக் கட்டாகக் காகிதங்களுக்கு நடுவில் ஒரு கிளார்க். பக்கவாட்டில் இடுப்பு உயர மரத்தடுப்பு போட்ட கூண்டு. பின்னால் பொதுமக்களுக்கு என்று மூன்று பெஞ்சுகள். முதல் பெஞ்சில் வக்கீல்கள் தங்கள் பைகளை வைத்திருந்தார்கள். இரண்டாவதில் அவள் உட்கார்ந்தாள்.

அவளுடைய லாரி வழக்கு வரவில்லை. காத்திருந்தாள். நடுவில் ஒரு பெண்ணைக் கூண்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சின்னப் பெண். யாரோ பெரிய உடம்புக்காரியின் சட்டையைப் போட்டிருந்தாள். வேலைக்கு நின்ற வீட்டில் கம்மலைத் திருடிக்கொண்டு ஓடினாள் என்று வழக்கு. கிளார்க் எதையோ வேகமாக வாசித்தார்.

"படிச்சது புரிஞ்சுதா?" என்றார் நீதிபதி, தலை நிமிராமல்.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள்.

"வக்கீல் வச்சிருக்கியா?"

தலையை ஆட்டினாள். வக்கீல் என்று யாரும் முன்னால் வரவில்லை. நீதிபதி ஒரு வரி எழுதினார். இன்னும் இரண்டு வாரம் காவல் என்று கிளார்க் சொன்னார். ஒரு டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்தது.

பெண் போலீஸ் கையைப் பிடித்து இழுக்கும்போது அவள் திரும்பிப் பெஞ்சுகளைப் பார்த்தாள். பஸ்ஸை விட்டு இறங்கினவர்கள், அழைத்துப்போக ஆள் வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்களே, அப்படி. பார்வை ரொட்டிக் கம்பெனிக்காரியின் முகத்துக்கு வந்ததும் அங்கேயே நின்றது. ஏன் என்று தெரியாமல் இவள் தலையை அசைத்தாள். அந்தப் பெண்ணும் அசைத்தாள். பிறகு கதவு சாத்திக்கொண்டது.

லாரி வழக்குக்கு வாய்தா போட்டு எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள்.

அன்று வேலையில் அவள் கை தானாக ஓடியது. சூப்பர்வைசர் வந்தார், எதையோ சொன்னார். வரிசையில் எல்லாத் தலைகளும் ஆடின. அவளுக்குக் கை நின்றுவிட்டது. நீதிமன்றத்தில் அந்தப் பெண் ஆட்டினது இதே ஆட்டல்தான். அதில் ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. எனக்கு எதுவும் கேட்கவில்லை, சீக்கிரம் போய்விடு என்பதற்காக ஆட்டுகிற ஆட்டல்.

இரண்டு வாரம் கழித்து, தனக்கு வழக்கு இல்லாத ஒரு நாளில், அவள் மறுபடி போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். கிளார்க் அவளைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். மெலிந்த மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற ரகம்.

"அம்மா, உங்க கேஸ் இன்னிக்கு இல்லையே."

"தெரியும் சார். அந்தக் கம்மல் கேஸ் பொண்ணுக்காக வந்தேன்."

"சொந்தமா?"

"இல்ல."

"தெரிஞ்ச பொண்ணா?"

"போன தடவை பாத்தேன்."

"எங்க பாத்தீங்க?"

"இங்கதான்."

கிளார்க் மூக்கை உறிஞ்சினார். "ஏதோ ரொட்டி வாசனை வருதே."

"ரொட்டிக் கம்பெனில வேலை சார். நேரா அங்கேருந்து வரேன்."

"காலங்காத்தால பசியக் கெளப்புறீங்களே. சரி ரொட்டியம்மா, உக்காருங்க. போனை மட்டும் அணைச்சு வைங்க."

பெயர் அப்படித்தான் வந்தது.

அந்தப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். உள்ளே வரும்போதே அவள் கண் பெஞ்சுக்குப் போனது. ரொட்டியம்மாவைப் பார்த்ததும் தோள் கொஞ்சம் இறங்கியது. கேள்விகள் போன தடவை கேட்டவைதான், தலையாட்டலும் அதேதான். மறுபடி இரண்டு வாரம்.

சாப்பாட்டு வேளைக்கு எல்லோரும் எழுந்தபோது ரொட்டியம்மா கிளார்க்கைப் பிடித்தாள்.

"சார், அந்தப் பொண்ணுக்கு நம்ம பாஷை தெரியல."

"தெரியலேன்னா சொல்லும்ல?"

"எந்தப் பாஷையில சொல்லும்?"

கிளார்க் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "மொழிபெயர்க்க ஆள் வேணும்னா யாராவது கேக்கணும்மா."

"யார் கேக்கணும்?"

"அந்தப் பொண்ணோட வக்கீல்."

"வக்கீல் இல்லையே சார்."

"வக்கீல் வேணும்னு அந்தப் பொண்ணு கேக்கணும். கேட்டா கோர்ட்டே வச்சுக் குடுக்கும்."

"எந்தப் பாஷையில கேக்கும்?"

"ரொட்டியம்மா," என்றார் கிளார்க், "எனக்குச் சாப்பாடு ஆறுது."

கெட்ட மனிதர் இல்லை. அவர் மேஜையில் அன்று இன்னும் எத்தனையோ கட்டுகள் பிரிக்காமல் கிடந்தன.

அந்த வாரம் நாத்தனார் வந்தபோது ரொட்டியம்மா நடந்ததைச் சொன்னாள். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "சினிமாவுக்குப் போவாங்க, கடைத்தெருவுக்குப் போவாங்க. பொழுது போகலேன்னு கோர்ட்டுக்குப் போற ஆளை இப்பதான் அண்ணி பாக்குறேன்." ரொட்டியம்மாவும் சிரித்தாள். வீட்டில் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. எந்த வீட்டுக் கம்மல் என்று நாத்தனார் கேட்கவில்லை, அவளுக்கும் தெரியாது.

அடுத்த வாய்தாவுக்கும் அவள் போனாள். என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. ஆள் நிறைந்த அறையில் எழுந்து நின்று பேசியது அவள் வாழ்க்கையில் கிடையாது. பள்ளிக்கூடத்தில்கூட, விடை தெரிந்தாலும் கை தூக்காத பிள்ளை. அந்தப் பெண் கூண்டுக்கு வந்தாள். கிளார்க் வாசித்தார். நீதிபதி, "புரிஞ்சுதா?" என்றார். பெண் தலையை ஆட்டினாள்.

ரொட்டியம்மா எழுந்துவிட்டாள்.

"ஐயா, அந்தப் பொண்ணுக்குப் புரியலங்க."

குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. இயந்திரத்துக்கு மேல் கத்திப் பழகின தொண்டை. எல்லோரும் திரும்பினார்கள்.

"யாரும்மா நீங்க?" என்றார் நீதிபதி.

"பொதுமக்கள் பெஞ்சுல உக்காந்திருக்கேங்க."

யாரோ சிரித்தார்கள்.

"அது தெரியுது. இந்தப் பொண்ணுக்கு என்ன வேணும் நீங்க?"

"ஒண்ணும் வேணாங்க."

இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "உறவான்னு கேட்டேன்."

"இல்லைங்க. நான் ரொட்டிக் கம்பெனில வேலை பாக்குறேன்."

"இப்படி நடுவுல எழுந்து பேசக் கூடாது. மறுபடி பேசினா வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். உக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கட்டைப் பிரிக்கிற சத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது நீதிபதி பேனாவை மூடியிருந்தார். முதல் தடவையாகக் கூண்டில் இருந்தவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் பேர் என்னம்மா?" என்றார்.

தலையை ஆட்டினாள்.

"சாப்பிட்டியா?"

தலையை ஆட்டினாள்.

"வெளியே பனி கொட்டுதா?"

சன்னல் வழியாக வெயில் அவள் காலடி வரை விழுந்திருந்தது. அவள் தலையை ஆட்டினாள். அவர் கோபமாக இருக்கிறாரோ என்று பயந்து இன்னொரு தடவையும் ஆட்டினாள்.

யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி கண்ணைத் தேய்த்துக்கொண்டார். களைத்த மனிதர். அவருக்கும் தூக்கம் போதாது என்று ரொட்டியம்மாவுக்குத் தோன்றியது. மொழிபெயர்ப்பாளர் வர வேண்டும், நீதிமன்றச் செலவில் வக்கீல் வைக்க வேண்டும், அது வரை இந்த வழக்கில் ஒரு வரியும் எழுதப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, "அடுத்தது," என்றார். பெஞ்சுப் பக்கம் அவர் திரும்பவில்லை.

ரொட்டியம்மா வராந்தாவுக்கு வந்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கூட்டத்தில் எல்லோரும் அவரவர் வழக்கோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தவள், "இன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று வாய் விட்டுச் சொல்லிவிட்டாள். பிறகுதான் உறைத்தது. செருப்பைக் கழற்றாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

அந்த விடுமுறை நாளில் நாத்தனார் பாத்திரம் இல்லாமல் வந்தாள்.

"என்ன அண்ணி பண்ணி வச்சிருக்கீங்க?"

"என்ன பண்ணேன்?"

"கோர்ட்டுல எழுந்து நின்னு கத்துனீங்களாமே. அந்தக் கம்மல் வீடு யாரு வீடு தெரியுமா? இவரோட முதலாளிக்கு நெருங்கின சிநேகம். கார்ல பின்னால உக்காந்துக்கிட்டு, யாரோ ரொட்டிக் கம்பெனிப் பொம்பளை கேஸைக் கெடுத்துட்டான்னு பேசினாங்களாம். இவருக்கு ஸ்டியரிங் புடிச்ச கை வேர்த்துப் போச்சாம்."

"நான் கேஸைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. அந்தப் பொண்ணுக்குப் புரியலேன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"யாருக்கோ புரியலேன்னா உங்களுக்கு என்ன வந்துச்சு? நாளைக்கு நீங்க யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா எங்க வேலை போகும். போனா நீங்களா வந்து சோறு போடுவீங்க? இனிமே அங்க போகாதீங்க."

ரொட்டியம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணன் இருந்திருந்தா இப்படி விட்டிருப்பாரா?" என்றாள் நாத்தனார்.

அவர் என்ன சொல்லியிருப்பார் என்று ரொட்டியம்மா உண்மையிலேயே யோசித்துப் பார்த்தாள். ஒருவேளை தடுத்திருப்பார். ஒருவேளை பணிமனை முழுக்கச் சொல்லிச் சொல்லி, கடைசியில் நீதிபதியே எழுந்து நின்றார் என்கிற வரைக்கும் கொண்டுபோயிருப்பார்.

"அடுத்த வாய்தாவுக்குப் போறீங்களா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"நான் போகலேன்னா அந்தப் பொண்ணு திரும்பிப் பாக்கும்மா," என்றாள் ரொட்டியம்மா. "வேற யாரும் அங்க இல்ல."

நாத்தனார் எழுந்து போய்விட்டாள். அடுத்த விடுமுறைக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. போன் செய்தால் மணி அடித்து ஓய்ந்தது. வாரத்தில் இருந்த அந்த ஒரு நாளும் மற்ற நாட்கள் மாதிரி ஆகிவிட்டது.

மொழிபெயர்க்க வந்தவள் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறவள். அந்தப் பெண்ணின் மொழியில் அவள் முதல் கேள்வியைக் கேட்டதும், கூண்டில் இருந்தவள் மரத்தடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள். சின்னக் கேள்விக்கு நெடுநேரம் பேசினாள். மொழிபெயர்ப்பவள் கையைக் காட்டி நிறுத்தி நிறுத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்காரர்கள் வெளியே போகும்போது அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார்கள். ஊருக்குப் போன் செய்யச் சைகையில் கேட்டால் காலண்டரில் அடுத்த மாதத்தைக் காட்டுவார்கள். ஒரு நாள் பூட்ட மறந்துவிட்டார்கள். கதவைத் தள்ளினாள், திறந்தது. நடந்தாள். எங்கே போவது என்று தெரியாமல் ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது போலீஸ் வந்தது. கம்மல் திருட்டு என்கிற விஷயமே மொழிபெயர்ப்பவள் அன்று சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

அவளிடம் கம்மல் எதுவும் அகப்படவில்லை என்று போலீஸ் அறிக்கையிலேயே இருந்தது. அவளை ஒரு பெண்கள் காப்பகத்தில் தங்கவைக்கச் சொன்னார் நீதிபதி. பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார். இன்னும் சில வாய்தாக்கள் நடந்தன. குளிர்காலத்தில் வழக்கு தள்ளுபடி ஆனது. அவளை வீட்டில் பூட்டி வைத்ததற்குத் தனியாக ஒரு விசாரணை நடக்கும் என்றார்கள். அது நடந்ததா என்று ரொட்டியம்மாவுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

வழக்கு தள்ளுபடியான அன்று அவள் கம்பெனியிலிருந்து பன் ஒரு பை வாங்கி வந்திருந்தாள். அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று வராந்தாத் தூண் பக்கத்தில் நின்றாள். பெண் வெளியே வந்தாள். அளவான சட்டை போட்டிருந்தாள். பக்கத்தில் மொழிபெயர்ப்பவள். இரண்டு பேரும் அவர்கள் மொழியில் பேசிக்கொண்டே வந்தார்கள். அந்தப் பெண் கையை ஆட்டி, சிரித்து, மூச்சு விடாமல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். தூணைத் தாண்டினாள். படியிறங்கினாள். ரொட்டியம்மா ஓர் அடி முன்னால் வைத்தவள் நின்றுவிட்டாள். பேச ஆள் கிடைத்தவளை நடுவில் எப்படி நிறுத்துவது? அவர்களை ஏற்றிக்கொண்டு காப்பகத்துக் கார் கிளம்பிப் போனது.

பன்னைக் கிளார்க்கிடம் கொடுத்தாள். அவர் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி," என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா நல்லாதான் இருக்கு ரொட்டியம்மா," என்றார்.

அவளுடைய லாரி வழக்கு எப்போதோ சமரசமாகி முடிந்திருந்தது. அதை அவளுக்குச் சொல்ல எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள்.

இனி அவளுக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு வாரம் போகாமல் இருந்து பார்த்தாள். பகல் மறுபடி நீண்டது. ஆனால் அதுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. கூண்டில் நின்று பின்னால் திரும்பிப் பார்க்கிற முகங்கள் ஒன்றிரண்டு இல்லை என்பதை அந்த மாதங்களில் அவள் கவனித்திருந்தாள். குடும்பம் தலைமுழுகிவிட்டவர்கள், தூரத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள், தெருவில் படுக்கிறவர்கள், வீட்டுக்குச் சொல்லியனுப்ப ஆள் இல்லாதவர்கள். அவர்களும் வெறும் பெஞ்சைத்தான் பார்த்தார்கள். அவள் மறுபடி போனாள்.

பிறகு வாரத்தில் இரண்டு மூன்று காலை அவள் அங்கேதான். எழுந்து பேசுவதில்லை. பேசக் கூடாது என்று தெரியும். முதல் பெஞ்சில் பைகளை நகர்த்திவிட்டு, நீதிபதியின் கண்ணில் படுகிற இடத்தில் உட்காருவாள். அடித்து இழுத்து வரப்பட்ட ஒருவன் நிற்கும்போது அவள் அவன் வீங்கின கண்ணையே பார்ப்பாள். நீதிபதி அவளைப் பார்ப்பார். பிறகு அவரும் அந்தக் கண்ணைப் பார்ப்பார். "அது எப்படி ஆச்சு?" என்று கேட்பார். எப்போதும் கேட்டார் என்று சொல்ல முடியாது. கேட்காத நாட்கள்தான் அதிகம். அந்த நாட்களில் அவள் வீட்டுக்கு நடந்தே போவாள்.

ஒரு தடவை புதிதாக வந்த போலீஸ்காரர் வாசலில் மறித்தார்.

"யார் கேஸ்?"

"எந்தக் கேஸும் இல்லைங்க. உக்கார வந்தேன்."

"உக்காரணும்னா பூங்காவுக்குப் போங்க."

"பூங்காவுல யாரையும் விசாரிக்கிறதில்லைங்களே."

அவர் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் உள்ளேயிருந்து கிளார்க்கின் குரல் வந்தது. "விடுங்க சார், இது எல்லாருக்கும் பொதுவான கோர்ட்டு. அந்தம்மா பொதுமக்கள். நம்மகிட்ட இருக்கிறது அந்த ஒரே ஒரு பொதுமக்கள்தான்."

அங்கே அவளுக்கு நட்பு என்று யாரும் அமையவில்லை. விடுதலை ஆனவர்கள் வாசலைத் தாண்டியதும் ஓடிவிடுவார்கள். ஒரு நாள் கடைத்தெருவில் ஒருவனைப் பார்த்தாள். நடைபாதையில் படுத்ததற்காகப் பிடிபட்டு, மூன்று வாய்தாவும் அவளைப் பார்த்துப் பார்த்து நின்றவன். இப்போது ஒரு பெட்டிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். அவளுக்குச் சந்தோஷமாகிவிட்டது. கையைத் தூக்கினாள். அவன் பார்த்தான், முகம் சுருங்கியது, சரக்கு அடுக்குவது போலக் குனிந்துகொண்டான். முதலாளி பக்கத்தில் இருந்தார்.

அவளுக்கு அது அன்று முழுக்க வலித்தது. பிறகு புரிந்தது. அவள் முகத்தைப் பார்த்தால் அவர்களுக்கு ஞாபகம் வருவது அந்தக் கூண்டு. அதன்பின் தெருவில் தெரிந்த முகம் எதிரே வந்தால், அவர்கள் சிரமப்பட வேண்டாம் என்று அவளே முதலில் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளப் பழகினாள்.

நாத்தனார் ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து வந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். உடம்பு எப்படி, கால் வலி எப்படி என்று கேட்டாள். அண்ணன் பேச்சு வரவில்லை. நீதிமன்றத்தைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "இளைச்சுட்டீங்க அண்ணி. தூங்குங்க," என்றாள். அதன் பிறகு எப்போதாவது வருவாள். அது பழைய வருகை இல்லை. ஆனாலும் ரொட்டியம்மா அவளுக்கு என்று நல்ல கோப்பையை எடுத்து வைப்பாள்.

அந்தக் கிளார்க் ஓய்வு பெற்றுப் போனார். நீதிபதிகள் மாறினார்கள். புது நீதிபதி ஒருவர் சில வாரங்கள் அவளைக் கவனித்துவிட்டு, அவள் ஏதோ அலுவலகத்திலிருந்து அனுப்பப்பட்ட ஆள் என்று நினைத்துக்கொண்டார். அந்த வாரங்களில் அந்த நீதிமன்றத்தில் எல்லோரும் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள். உண்மை தெரிந்த பிறகு அந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது. முழுக்கப் போய்விடவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, அவள் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நனைந்த குடை. கையில் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தெருவில் உட்கார்ந்து மறியல் செய்தவர்களை முந்தின நாள் பிடித்துப் போயிருந்தார்கள். அதில் அவளுடைய மகனும் ஒருவன்.

"உங்க பையனும் உள்ளதானா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்ப வீட்டுக்காரரா?"

"இல்லம்மா. எனக்கு யாரும் இல்ல. சும்மா உக்கார வந்தேன்."

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். யாருக்காவது துப்பு சொல்கிற ஆளோ என்று நினைத்திருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, குடையை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள்.

மகனைக் கூட்டி வந்தார்கள். சட்டை தோளில் கிழிந்திருந்தது. அந்த அம்மாவின் கை குடையைத் தாண்டி வந்து ரொட்டியம்மாவின் கையைப் பற்றியது. பற்றியது தெரியாமலே பற்றினாள். நகம் பதிந்தது. அரசு வக்கீல் எதையோ நீட்டி நீட்டிச் சொன்னார். ரொட்டியம்மா அசையவில்லை. யாரும் தன் கையைப் பிடித்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தாள். வலித்தது. இழுத்துக்கொள்ளவில்லை. அவளுடைய கண் மட்டும் வழக்கம்போல முன்னால், அந்தப் பையன் மேலேயே இருந்தது.

"ஜாமீன்," என்றார் நீதிபதி.

கை விலகியது. அந்த அம்மா கைக்குட்டையையும் மறந்து எழுந்து ஓடினாள். வாசலில் மகன் பெயரைச் சொல்லி அழுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் படியிறங்கிப் போனது. பெஞ்சில் மறுபடி ரொட்டியம்மா மட்டும். குடை இருந்த இடத்தில் மரம் நனைந்திருந்தது.

புதுக் கிளார்க் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். கூண்டுக்குள் ஒரு வயசான மனிதர் வந்து நின்றார். கண்ணாடி ஒரு பக்கம் உடைந்திருந்தது. கிளார்க் வாசிக்க ஆரம்பித்தார். அந்தப் பெரியவர் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பெஞ்சுப் பக்கம் பார்த்தார். அவருக்குச் சரியாகத் தெரியுமோ தெரியாதோ என்று ரொட்டியம்மா கொஞ்சம் முன்னால் நகர்ந்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்தாள்.